இரண்டு மாதமாகியும் வீக்கம் வற்றாத மோதிரவிரல்: டொக்டரிடம் போவதா, விடுவதா?

இடியப்பக்காரி (வெள்ளவத்தை)

வணக்கம். இது பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஒரு விரல்தான்.

சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, ஒஃபிஸ் முடிந்து கோட்டையில் 100 பஸ் ஏறினேன். பெருநாள் சனம், கால் வைக்க இடமில்லை. வலது கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய உடுப்புப் பை, இடது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பம்பலப்பிட்டியில் டிரைவர் அடித்த பிறேக்கில் நான் முன்னால் போய்விட்டேன், மோதிரவிரல் மட்டும் கம்பிக்கும் பக்கத்தில் நின்றவரின் கைக்கும் நடுவே மாட்டிப் பின்பக்கமாக வளைந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த ஹோர்ன் சத்தத்தில் விளங்கியிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டு ஒருவழியாக மோதிரத்தைக் கழற்றினேன். கொஞ்சம் பிந்தியிருந்தால் வெட்டத்தான் வேண்டியிருந்திருக்கும். அடுத்த நாள் விரல் கத்தரிக்காய் நிறம், அதுவும் உள்ளங்கைப் பக்கம்தான் கூட. வருடப் பிறப்பு நேரத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று, மகனின் ஐஸ் பழக் குச்சியைக் கழுவி விரலோடு வைத்துப் பிளாஸ்டர் சுற்றினேன். முறிந்திருந்தாலும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து ஐந்து கிழமை அப்படியே விட்டேன். குளிக்கும்போது மட்டும் கழற்றினேன்.

இப்போது எட்டுக் கிழமை தாண்டிவிட்டது. நோ பெரிதாக இல்லை, ஆனால் நடு மூட்டு தடித்துப்போய் நிற்கிறது, மோதிரம் அதைத் தாண்டாது. காலையில் எழும்பினால் மரக்கட்டை மாதிரி. கையைப் பொத்தினால் மற்ற விரல்கள் உள்ளங்கையைத் தொடும், இது மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே நிற்கும். நீட்டினாலும் முழுதாக நேராகாது. ஒஃபிஸில் டைப் பண்ணுவதைக்கூடச் சமாளிக்கிறேன், ஆனால் இடியப்ப உரலை இரண்டு கையாலும் அமத்திப் பிழிய முடியவில்லை. மூன்றாவது தட்டிலேயே கை விட்டுவிடுகிறது. இப்போது அவர்தான் பிழிகிறார், தட்டுக்குத் தட்டு ஒரு முறைப்பாடு.

அவர் டொக்டரிடம் போ என்கிறார். அம்மா எண்ணெய் போட்டுக் கட்டு என்கிறா. எனக்கோ, அரை நாள் லீவு போட்டு, வரிசையில் நின்று, கடைசியில் "சுளுக்குத்தான், பனடோல் போடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்களோ என்று யோசனை. எட்டுக் கிழமை சும்மா இருந்துவிட்டு இப்போது போனால் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று பேச்சும் விழும். இது தானாகச் சரிவருமா? யாருக்காவது இப்படி இருந்ததா?

கபடி_ஓய்வு

அக்கா, போங்கள். பேச்சு விழுந்தால் விழட்டும்.

என் கதையைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு கம்பனி விளையாட்டுப் போட்டியில் கபடி. எதிர் அணிக்காரனின் பெனியனை எட்டிப் பிடித்தேன், அவன் இழுத்துக்கொண்டு ஓடினான், வலது மோதிரவிரல் துணிக்குள் மாட்டிக்கொண்டு டிக் என்றது. கொஞ்சம் வீக்கம், ஒரு கிழமையில் நோ போய்விட்டது. நோ போனதும் நானும் மறந்துவிட்டேன். ஒன்றே ஒன்றுதான், விரல் நுனி மட்டும் மடங்கவில்லை. வீக்கம் போனால் மடங்கும் என்று ஐந்து கிழமை இருந்தேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் கையைப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். நுனியை மடக்கும் நரம்பு (நாங்கள் நரம்பு என்கிறோம், அவர் தசைநாண் என்றார்) எலும்பில் இருந்து கழன்று உள்ளங்கைப் பக்கம் சுருண்டு போய்விட்டதாம். முதல் ஏழு பத்து நாளுக்குள் வந்திருந்தால் இழுத்துத் தைத்திருப்பார்களாம். இனி என்றால் இரண்டு ஒப்பரேஷன், முதலில் ஒரு சிலிக்கன் குழாய் மாதிரி ஒன்றை வைத்து, சில மாதம் கழித்து வேறு இடத்தில் இருந்து நரம்பு எடுத்துப் போடுவது. இல்லாவிட்டால் அப்படியே விடுவது. நான் விட்டுவிட்டேன்.

இப்போது சோறு குழைத்து எடுக்கும்போது மூன்று விரல் வேலை செய்யும், அது மட்டும் நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். நோ கொஞ்சமும் இல்லை. நோ இல்லை என்பதை நம்பி இருந்ததுதான் நான் விட்ட பிழை.

கொட்டாஞ்சேனை_மாமி

பிள்ளை, எடுத்ததற்கெல்லாம் ஒப்பரேஷன் என்று இந்தத் தம்பி பயமுறுத்துகிறார். எங்கள் காலத்தில் விரல் மடங்கவில்லை என்று யார் ஆஸ்பத்திரிக்குப் போனது? என் அண்ணாவுக்கு மணிக்கட்டு முறிந்து, யாழ்ப்பாணத்தில் முறிவு வைத்தியரிடம் பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டி, நாற்பது நாளில் கிணற்றில் தண்ணீர் அள்ளினார். இங்கே சிங்கள வைத்தியர்களும் "கெடும் பிந்தும்" (முறிவு வைத்தியம்) என்று அதே வேலையைத்தான் செய்கிறார்கள், பொரளையில் அரசாங்கத்தின் ஆயுர்வேத ஆஸ்பத்திரியே இருக்கிறது.

இளம் சூட்டில் எண்ணெய் பூசி உருவிவிடு. நன்றாக இழுத்து உருவ வேண்டும், அப்போதுதான் இறுக்கம் விடும்.

கபடி_ஓய்வு

மாமி, இழுத்து உருவியதில் உள்ளுக்கு இருக்கிற முறிவு விலகினால் யார் பொறுப்பு? எண்ணெய் பூசட்டும், முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் பூசட்டும்.

மட்டக்குளி_காற்று

இது அக்காவின் விரலுக்குப் பொருந்தாது, ஆனால் விரல் வீக்கம் என்று தேடி வேறு ஆட்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். றால் கழுவும்போது அதன் தலை முள் சுட்டுவிரலின் உள்பக்கம் குத்தியது. இரத்தம்கூடச் சரியாக வரவில்லை. இரண்டாம் நாள் விரல் முழுவதும் ஒரே அளவாக, சொசேஜ் மாதிரி வீங்கி, பாதி மடிந்தபடி நின்றது. நான் லேசாக நிமிர்த்திப் பார்த்தேன், அம்மா கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உள்பக்கம் அடி முதல் நுனி வரை எங்கே தொட்டாலும் நோ. அம்மாவோ விடியட்டும் பார்ப்போம் என்றா. நல்லவேளை, தங்கச்சி கேட்கவில்லை, த்ரீவீலில் ஏற்றிவிட்டாள். நரம்பின் உறைக்குள் கிருமி போயிருக்கிறது என்று சொல்லி அன்று இரவே தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கழுவினார்கள்.

அதனால் முள் குத்து, கடி, வெட்டுக்குப் பிறகு விரல் சிவந்து சுடுகிறது, காய்ச்சல் வருகிறது, சீழ் தெரிகிறது, அல்லது நிமிர்த்தவே விடாமல் நோகிறது என்றால் இங்கே வந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே போங்கள். சீனி உள்ளவர்கள் இன்னும் கெதியாக. விரல் வெளுத்து உணர்ச்சி இல்லாமல் போனாலும் அப்படித்தான்.

விரல்_மடக்கு

நான் டொக்டர் இல்லை, பிசியோதெரபி வேலையில் பதினான்கு வருடம். ஒருவரின் விரலைத் தொடாமல் இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் இடியப்பக்காரி எழுதியதில் எனக்கு உறுத்தியது வீக்கம் இல்லை, அந்த ஐஸ் பழக் குச்சி.

சுளுக்கு என்ற ஒரே சொல்லுக்குள் நாங்கள் நாலைந்து வேறு வேறு காயங்களைப் போட்டுக் கட்டிவிடுகிறோம். அதில் ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு வினை. பந்து பட்டோ, மெத்தை விரிப்பைச் செருகும்போதோ நுனி மூட்டு தொங்கிப்போனால் (கையால் நிமிர்த்தினால் நிமிரும், விட்டால் திரும்பத் தொங்கும்), அதற்கு நுனியை நேராக வைத்து ஆறு முதல் எட்டுக் கிழமை இரவு பகலாக மட்டை கட்ட வேண்டும். குளிக்கும்போதுகூட விரலைத் தொங்கவிடக் கூடாது, ஒரு தரம் தொங்கினாலும் நாளைத் திரும்ப முதலில் இருந்து எண்ணுவோம். ஆனால் பின்பக்கமாக வளைந்த நடு மூட்டு அப்படி இல்லை. அந்த மூட்டின் உள்ளங்கைப் பக்கம் ஒரு தடித்த சவ்வு இருக்கிறது, விரல் பின்னால் போகாமல் தடுப்பது அதுதான். பஸ் கம்பி, கூடைப்பந்து, நாயின் பட்டி எல்லாம் அடிக்கிற இடம் அது. சில நேரம் சவ்வு கிழியும்போது ஒரு சின்ன எலும்புத் துண்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். உள்ளங்கைப் பக்கம் கூடுதலாகக் கண்டியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூட்டு விலகாமல் இருந்தால் இதற்குச் சில நாள் ஓய்வு, அப்புறம் பக்கத்து விரலோடு சேர்த்துப் பட்டி போட்டு வேளைக்கே மடக்கத் தொடங்க வேண்டும். ஐந்து கிழமை அசையாமல் வைத்தால் நடு மூட்டு இறுகாமல் என்ன செய்யும்?

தடிப்பைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். நன்றாகப் பார்த்த விரலிலும் நடு மூட்டு வீக்கம் மாதக்கணக்கில் நிற்கும், ஒரு வருடம் போனவர்களையும் கண்டிருக்கிறேன். கொஞ்சத் தடிப்பு கடைசிவரை இருந்தும் விடலாம். நான் பார்க்கச் சொல்வது அசைவை.

வீட்டில் மேசைக்கு முன்னால் இருந்து பாருங்கள். நடு மூட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்குங்கள், மடங்குகிறதா? (கபடித் தம்பிக்கு மடங்காதது இதுதான்.) கையைப் பாதியாகப் பொத்தி நகங்களைப் பாருங்கள், எல்லா விரலும் பெருவிரலின் அடிப்பக்கத்தைப் பார்த்துச் சாய வேண்டும். ஒன்று மட்டும் பக்கத்து விரலின் மேல் ஏறினால் எலும்பு திரும்பிப் பொருந்தியிருக்கிறது. பிறகு அந்த விரலை மற்றக் கையால் மெதுவாக மடக்கிப் பாருங்கள். தானாக மடங்காமல், கையால் மடக்கினால் மட்டும் மடங்கினால் நரம்பில் கோளாறு. இரண்டு விதமாகவும் மடங்காவிட்டால் மூட்டு இறுகியிருக்கிறது. இதில் எது என்றாலும், பக்கவாட்டில் ஆடினாலும், டொக்டர் பார்க்கத்தான் வேண்டும், எத்தனை கிழமை போயிருந்தாலும்.

அப்புறம், எக்ஸ்ரே எழுதும்போது கை முழுவதற்கும் எழுதுகிறார்களா, விரலுக்கு எழுதுகிறார்களா என்று கேளுங்கள். முழுக் கையைப் பக்கவாட்டில் எடுத்தால் நாலு விரலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அந்தச் சின்னத் துண்டு தெரியாது. விரலை மட்டும் முன்பக்கமும் சரியான பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், சவ்வும் நரம்பும் அதில் விழாது.

மாமி சொன்ன எண்ணெயில் பிழை இல்லை, இளம் சூட்டுத் தண்ணீரில் கையை வைத்துவிட்டு எண்ணெய் பூசி நீங்களே மெதுவாக மடக்கலாம். இன்னொருவர் இழுப்பதும் சொடக்கு எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

கொட்டாஞ்சேனை_மாமி

எண்ணெயில் பிழை இல்லை என்று படித்தவரே சொல்லிவிட்டார், எல்லோரும் வாசியுங்கள்.

ஓபிடி_வரிசை

எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லையே. இரண்டு வழி. கையில் காசு இருந்து நேரம் இல்லை என்றால் எலும்பு நிபுணரை சனல் பண்ணுங்கள் (தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்துப் பார்ப்பது), ஆனால் அவரும் முதலில் எக்ஸ்ரேதான் கேட்பார், அதற்குத் தனியாகக் காசு. இல்லாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு). வெள்ளவத்தையில் இருந்து களுபோவில கிட்ட, கொழும்பு தேசிய வைத்தியசாலையும் தூரம் இல்லை. டொக்டர், எக்ஸ்ரே, கிளினிக் எதற்கும் காசு இல்லை, காலையில் வெள்ளனப் போக வேண்டும், அவ்வளவுதான். விபத்துப் பிரிவுக்குப் போகாதீர்கள், எட்டுக் கிழமைக் காயத்தோடு போனால் இரத்தம் ஒழுகி வருகிறவர்களுக்குப் பின்னால் நாள் முழுக்க இருக்க வேண்டிவரும், அது நியாயமும் தான்.

சிங்களம் தடுமாறினால் "எங்கில்ல இதிமிலா" என்று சொல்லுங்கள், விரல் வீங்கியிருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் பனடோல்தான். மடங்குகிறது இல்லை என்பதைச் செய்து காட்டுங்கள். எந்த நாள், எந்தப் பக்கம் வளைந்தது, எத்தனை கிழமை கட்டி வைத்தீர்கள், எந்த வேலை முடியவில்லை, இந்த நாலையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் இரண்டு நிமிடத்தில் டொக்டருக்கு விளங்கும். அவர்களுக்கும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது.

இடியப்பக்காரி (வெள்ளவத்தை), மூன்று கிழமைக்குப் பிறகு

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்தேன்.

விரல்_மடக்கு சொன்ன மாதிரி அன்றிரவே மேசையில் வைத்துப் பார்த்தேன். நுனி மடங்கியது, நகங்கள் ஒழுங்காகச் சாய்ந்தன, ஆனால் நடு மூட்டு தானாகவும் மடங்கவில்லை, மற்றக் கையால் மடக்கியும் மடங்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. எட்டுக் கிழமையாக அந்த விரலோடு இருந்தும் ஒரு தரம்கூட இப்படிச் செய்து பார்க்கவில்லை.

ஓபிடியில் இருந்த இளம் டொக்டர் பிள்ளை ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்கவே இல்லை. எழுதிக்கொண்டு போன துண்டை வாசித்தா, விரலுக்கு மட்டும் எக்ஸ்ரே எழுதினா, கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த கிழமை எலும்பு கிளினிக். பக்கவாட்டுப் படத்தில் நடு எலும்பின் அடியில், உள்ளங்கைப் பக்கம், ஒரு அரிசிக் குறுணி அளவு துண்டு. பெரிய டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூட்டு விலகவில்லை, இனி ஒப்பரேஷன் தேவையில்லை என்றார். எவ்வளவு நாள் கட்டினீர்கள் என்று கேட்டார். ஐந்து கிழமை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டே தெரபிக்குத் துண்டு எழுதினார். ஐஸ் பழக் குச்சி என்று நான் சொல்லவில்லை, அந்த அவமானம் இங்கே மட்டும் போதும்.

தெரபியில் முதல் நாள் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். விரலின் அடியைப் பிடித்துக்கொண்டு நடு மூட்டை மட்டும் மடக்கி எண்ணிப் பத்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம். ஒஃபிஸில் கணினி திறக்கும்வரை ஒரு பத்து, சோறு வேகும்வரை ஒரு பத்து. பஸ்ஸில் போகும்போது நடுவிரலோடு சேர்த்துப் பட்டி, கம்பியை இப்போது வலது கையால்தான் பிடிக்கிறேன். இரண்டு விரல் அகலம் இருந்த இடைவெளி ஒன்றரைக்கு வந்திருக்கிறது. மெதுவாகத்தான் வரும், சில மாதம் எடுக்கும், கொஞ்சம் பாக்கி நின்றாலும் நிற்கும் என்று சொன்னார்கள்.

மாமிக்கு: எண்ணெயும் போடுகிறேன்.

இன்னொரு கேள்வி. மோதிரம் அலுமாரியில் கிடக்கிறது, அம்மா தினமும் வெறும் விரலைப் பார்த்துப் புறுபுறுக்கிறா. செட்டியார் தெருவில் கொடுத்துப் பெருப்பிக்கலாமா?

விரல்_மடக்கு

இப்போது வேண்டாம். வீக்கம் இன்னும் இறங்கும், இன்றைய அளவுக்குப் பெருப்பித்தால் தைப்பொங்கலுக்குள் கழன்று சிங்குக்குள் விழும். அதுவரை சங்கிலியில் கோர்த்துப் போடுங்கள்.

கபடி_ஓய்வு

இடியப்பம் யார் பிழிகிறார்?

இடியப்பக்காரி (வெள்ளவத்தை)

இன்னும் அவர்தான். டொக்டர் எட்டுத் தட்டு வரை அனுமதி தந்திருக்கிறார் என்பதை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.